பாதியில் இறக்கிய ஆப்பிள் சட்டி

எதையும் பயப்படாமல் தின்ற ஞாபகம் எனக்கு இல்லை. புதுப் பண்டம் என்றால் கேட்கவே வேண்டாம். மூன்றாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அங்கே படித்ததெல்லாம் மறந்துபோச்சு, பயப்படுவது மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நன்றாக வந்தது.

எங்கள் வீட்டுக்காரர் இரட்டை மாட்டு வண்டி ஓட்டினார். அரிசியும் உப்பும் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டு மலைக்குப் போவார். திரும்பும்போது காப்பிக்கொட்டை மூட்டைகளைக் கொண்டுவந்து செவ்வாய்ப்பேட்டை மண்டியில் இறக்குவார். வீடு ராசிபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், சேலம் ரோட்டை ஒட்டி. அவர் மலைக்குப் போனால் திரும்பி மாட்டு மணி கேட்கிறவரைக்கும் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். வளைவில் வண்டி சாய்ந்திருக்குமோ, மாடு மிரண்டிருக்குமோ என்று நூறு யோசனை ஓடும். அவருக்கு அது கேலி. "ஏ புள்ள, நா வாரதுக்குள்ள எத்தன தடவ என்னயக் கொன்ன?" என்றுதான் வாசலில் வண்டியை நிறுத்துவார்.

வெள்ளைக்காரன் காலம் அது, உலகச் சண்டை வருவதற்கு முன்னால். ஒரு ஆடி மாசம் சாக்கு நிறைய ஆப்பிள் கொண்டுவந்து இறக்கினார். படத்தில் வருகிற மாதிரி சிவந்த பழம் இல்லை. கொய்யாப் பிஞ்சு அளவுக்குப் பச்சையாய், ஒரு பக்கம் மட்டும் கன்னம் சிவந்த மாதிரி இருந்தது. காற்றுக்கு விழுந்தது, அடிபட்டது, பூச்சி அரித்தது. மண்டியில் யாரும் சீந்தவில்லையாம். கடித்துப் பார்த்தால் பல் கூசியது.

"கேட்டுத்தான எடுத்துட்டு வந்தீங்க?" என்றேன்.

"தோட்டத்து பங்களாவுல சமைக்கிற பட்லரு குடுத்தாரு. பன்னிக்குத்தான் போடோணும், எடுத்துட்டுப் போன்னாரு. வேகவெச்சு மசிச்சு, சக்கரை போட்டுக் கிண்டிக்கிட்டே இருக்கோணுமாம். தொரைமாருங்க ரொட்டிமேல தடவித் திங்கறாங்களாம். ஆப்பிள் பட்டராம் அதும் பேரு."

"பட்டர்னா வெண்ணெய்தானுங்களே? வெண்ணெய் எத்தன போடோணும்?"

"வெண்ணெயே கெடையாதாம்."

"அப்பறம் எதுக்குங்க அந்தப் பேரு?"

"தொரைசானியத்தான் கேக்கோணும். நாளைக்கு வண்டியில வாரயா?"

பங்களா வாசலில் போய் நிற்பதை நினைத்தே எனக்கு வியர்த்தது. பேசாமல் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடிபட்ட இடத்தையும் பூச்சி துளைத்த இடத்தையும் அரிந்து போட்டேன். விதையில் என்ன விஷம் இருக்குமோ என்று ஒன்றுவிடாமல் நோண்டி எடுத்தேன். பெரிய மண்சட்டியில் கொஞ்சமாய்த் தண்ணீர் விட்டு வேகவைத்தேன். வெந்ததை ராகி மாவு சலிக்கிற சல்லடையில் போட்டுக் கையால் தேய்த்தால் தோல் மேலேயே தங்கி, கீழே கூழ் மாதிரி இறங்கியது. சர்க்கரைக்கு எங்கே போவது? வெல்லம்தான். திரும்பவும் அடுப்பில் ஏற்றி, வெல்லத்தைத் தட்டிப் போட்டு, சுக்கும் ஏலக்காயும் பொடித்துப் போட்டு, களி கிண்டுகிற துடுப்பால் கிண்டினேன்.

கிண்டுவதுதான் வேலையே. முதலில் சாது மாதிரி கொதிக்கும். கெட்டிப்பட ஆரம்பித்ததும் சட்டி துப்பும். ஒரு குமிழி மெல்ல எழும்பி, வீங்கி, பொத்தென்று உடைந்து முழங்கைவரைக்கும் தெறிக்கும். பட்ட இடமெல்லாம் கொப்புளம். துடுப்பை விட்டால் அடிப்பிடிக்கும், விடாவிட்டால் கை வேகும். வெளுப்பாக இருந்தது மெதுவாகக் களி நிறத்துக்கு வந்து, பிறகு புளிக்கரைசல் நிறத்துக்குப் போகும். ஒரு சொட்டைப் பூவரச இலையில் விட்டுச் சாய்த்துப் பார்த்தேன். சுற்றிலும் தண்ணீர் கசியாமல், ஓடாமல் நின்றது. வெயிலில் காயவைத்த ஊறுகாய் ஜாடியில் அள்ளிப் போட்டு வாயைத் துணியால் கட்டினேன்.

வெறும் பழமா இது என்று ஆகிவிட்டது. சோளத் தோசைக்கு அதுதான் தொட்டுக்கொள்ள. எங்கள் பையன் களியில் குழி பறித்து அதற்குள் ஒரு கரண்டி விடச்சொல்வான். வெயிலில் வந்தவர்களுக்குத் தண்ணீரில் கரைத்து உப்புக்கல் போட்டுக் கொடுத்தேன். அவருடைய அக்கா பக்கத்து வீட்டில் இருந்தார், நான் நங்கையா என்று கூப்பிடுவேன். காய்ச்சலில் வாய் கசந்து கிடந்தபோது நங்கையா அதைத்தான் நக்கிக்கொண்டிருந்தார். பூசணம் பிடித்திருக்குமோ என்று நான் தினம் ஜாடியைத் திறந்து பார்த்ததில் மேலாகப் பூசணம் பிடித்துவிட்டது. "ஜாடிக்கு மூச்சு உடறதுக்கே நேரமில்லாத தொறந்து தொறந்து பாத்தியே, உன் கண்ணே பூசணமாப் படிஞ்சிருக்கும்" என்று நங்கையா சொன்னார். மேலே வழித்துப் போட்டுவிட்டு மீதியைத் தின்றோம்.

அடுத்த வருஷமும் ஆடிக்காற்று அடித்தது. சாக்கு வந்தது. அதை இறக்கிப் போட்டுவிட்டு அவர் அடுத்த நடைக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த ஆடியில் எங்கள் தெருவில் இரண்டு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அம்மை. பெரிசா சின்னதா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், கேட்கவும் கூடாது. ஆத்தா வந்திருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நான் பையனைத் தெருவில் விடாமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன். பழம் அழுக ஆரம்பித்த வாசனை வரவும், இனியும் தாமதிக்கக்கூடாது என்று ஒரு நாள் காலையில் சட்டியை ஏற்றினேன்.

பையனுக்கு அன்றைக்கு உடம்பு சுட்டது. தொட்டுப் பார்த்தேன். அடுப்புக்குப் போய்விட்டு வந்து திரும்பவும் தொட்டுப் பார்த்தேன். என் கைதான் அடுப்புச் சூட்டில் இருக்கிறது, அதனால்தான் அவன் உடம்பு சுடுவதாகத் தெரிகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு புறங்கையால் தொட்டேன். பிறகு கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சுட்டது. காற்று மாறின காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு பழத்தைச் சல்லடையில் தேய்த்து, கூழைத் திரும்ப அடுப்பில் ஏற்றினேன். வெல்லத்தைத் தட்டி முறத்தில் வைத்திருந்தேன், இன்னும் போடவில்லை. கூழ் கெட்டியாகித் துப்ப ஆரம்பித்த நேரம் நங்கையா உள்ளே வந்தார். படுத்திருந்தவனின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். அப்படியே கீழே விட்டார்.

"அம்மிணி, அடுப்ப அணை."

"ஏனுங்க நங்கையா? இன்னும் வெல்லமே போடல."

"அணைன்னா அணை. ஆத்தா வந்திருக்கா."

விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தேன். ஆத்தா வந்த வீட்டில் தாளிக்கக்கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது, எதுவும் கொதித்துப் பொங்கக்கூடாது. அடுப்புக் கொதித்தால் உடம்பு கொதிக்கும். எனக்குத் தெரியாததா? அடுத்த வீட்டுக்கு வந்தபோது நானேதான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நெருப்பை இழுத்த பிறகும் சட்டி அடங்கவில்லை. கெட்டிக் கூழில் சூடு உள்ளேயே நிற்கும் போல. ஒரு குமிழி எழும்பும், வெளுத்து வீங்கும், உடையும். உடைந்த இடத்தில் ஒரு குழி இருக்கும். அந்தக் குழி மூடுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று எழும்பும். துடுப்பைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுத்த தெருவில் அம்மைத் தழும்பு விழுந்த முகம் ஒன்று உண்டு. அந்த முகம் சட்டிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தது. அடங்கு தாயே, அடங்கு தாயே என்று சட்டியைத்தான் கும்பிட்டேன். தண்ணீர் ஊற்றி அடக்கலாமா என்றால் அது சுர்ரென்று சீறுமே, அது வேறு குற்றமாகுமோ என்று பயம்.

"கொண்டுபோயிக் கொட்டிரட்டுங்களா?"

"வந்தவ முன்னால சோத்தக் கொட்டுவாங்களா? மூடி வெய்யி" என்றார் நங்கையா. மேலே தட்டைப் போட்டு, அதன்மேல் வேப்பங்கொத்தை வைத்தேன். தட்டுக்கு உள்ளே பொத், பொத் என்று இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

பையன் முகமெல்லாம் முத்துப் போட்டது. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டது. அம்மை கண்ணில் இறங்கிப் பார்வை போனவர்களை எனக்குத் தெரியும். ராசிபுரம் சந்தையில் ஒரு ஆள் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு கயிறு விற்க வருவார். உயிருக்கும் பயந்தேன், அதைவிடக் கண்ணுக்குப் பயந்தேன். அப்படி நினைத்ததற்கே உயிரை எடுத்துக்கொள்வாளோ என்று அதற்கும் பயந்தேன். வேப்பிலையால் வருடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வாய்க்குள்ளும் புண். இளநீர் கொடுத்தால் துப்பினான். மோர் கொடுத்தால் துப்பினான். மிச்சமிருந்த ராகிக் களியைக் கரைத்துக் கொடுத்தேன், பல்லைத் திறக்கவே இல்லை. மறுநாள் உச்சிக்கு உதடு வெடித்துவிட்டது. அப்போது கேட்டான்:

"அம்மா, ஆப்பிளு."

நான் நங்கையாவைப் பார்த்தேன். அம்மை கண்ட பிள்ளை ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது.

"கேக்கறது அவன் இல்ல, ஆத்தா" என்றார் நங்கையா.

"தெரியுதுங்க. அதுக்குத்தான் பயமா இருக்குது."

"குடுக்காமயும் இருக்கக் கூடாது."

"அடுப்புல கொதிச்சதுங்களே நங்கையா. அவ வந்த நேரத்துல கொதிச்சது. அதப்போயி அவளுக்கே எப்பிடிக் குடுக்கறது? புளிப்பு வேற."

"வெல்லந்தான் போடலியே. வெல்லம் போட்டாத்தான் சூடு."

"அப்பக் குடுக்கலாங்கறீங்களா?"

"நா எங்க சொன்னேன்?"

இப்படியே பேசிக்கொண்டிருந்தோம். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். ஆடிக் காற்றுக்கு ஆப்பிள் கூழ் எத்தனை நேரம் தாங்கும்? கெடாமல் இருக்க வேண்டுமானால் திரும்பவும் சூடு காட்ட வேண்டும், சூடு காட்டவோ வழியில்லை.

அந்த நேரத்தில்தான் மாட்டு மணி கேட்டது. வழியில் யாரோ அவருக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். மாட்டைக்கூட அவிழ்க்காமல் வண்டியைப் போட்டுவிட்டு வேப்பிலைக் கொத்துக்கு வெளியே வந்து நின்றார். ரோட்டு அழுக்கோடு உள்ளே வரக்கூடாது.

"என்னடா சாமி, ஐயன் வந்திருக்கறேன் பாரு" என்றார்.

பையன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். கண் திறக்கவில்லை. எப்போதும் கேலி பேசுகிற மனுஷனுக்கு அன்று ஒரு கேலியும் வரவில்லை. அவர் பயப்படமாட்டார் என்கிற தைரியத்தில்தான் அதுவரைக்கும் நான் பயந்துகொண்டிருந்தேன் போல.

ஆப்பிள் விஷயத்தை நங்கையா சொன்னார். வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "பூ கேட்டுட்டு வா" என்றார் என்னிடம். "உனக்குத்தான் எதுலயும் ஒரு முடிவு வராதே. ஆத்தாகிட்டயே உட்டுரு."

பூ கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், ஒரே மாதிரி இலையில் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். இது வந்தால் செய்யலாம், அது வந்தால் செய்யக்கூடாது என்று கேட்கிறவர் மனசுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரு குழந்தை ஒன்றை எடுத்துக் கொடுக்கும். அதுதான் வாக்கு. ஒரு காரியத்துக்கு ஒரு தரம்தான் கேட்கலாம். வந்த வாக்கு பிடிக்கவில்லை என்று திரும்பக் கேட்டால் அது ஆத்தாளையே பொய் சொன்னவளாக்குகிற மாதிரி.

நங்கையாவைப் பையனிடம் உட்காரவைத்துவிட்டு, தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு தெருக்கோடி மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன். பூசாரி நந்தியாவட்டையும் செவ்வரளியும் பறித்துக் கட்டினார். "நெனச்சுக்கங்கம்மா" என்றார்.

நினைத்தேன். எல்லாரும் நினைக்கிற மாதிரி, வெள்ளை வந்தால் கொடுக்கலாம். உடனே தோன்றியது: செவ்வரளி அல்லவா ஆத்தாளுக்குப் பிடித்தது? அவளுக்குப் பிடித்த பூவைப் போய்க் கூடாது என்பதற்கு வைப்பதா? சரி, சிவப்பு வந்தால் கொடுக்கலாம். ஐயோ, சிவப்பு கோபத்தின் நிறம், சூட்டின் நிறம். வெள்ளைதான். வெள்ளை என்றால் குளிர்ச்சி. ஆனால் வெள்ளை என்று முதலில் நினைத்து மாற்றி, திரும்பவும் அதற்கே வந்தால் ஆத்தா எதைக் கணக்கில் எடுப்பாள்?

"நெனச்சாச்சுங்களா?"

"ஆச்சுங்க."

கோயில் வாசலில் கல் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணைப் பூசாரி கூப்பிட்டார். அது பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சட்டென்று ஒன்றை எடுத்து என் முந்தானையில் போட்டது. பிரித்தேன். செவ்வரளி.

"என்ன நெனச்சீங்களோ அதாம்மா" என்று பூசாரி திருநீறு கொடுத்தார்.

பாதித் தெரு வந்த பிறகுதான் எனக்குக் கால் நின்றது. கடைசியாக எதை நினைத்தேன்? வெள்ளையிலா நின்றேன், சிவப்பிலா? ஆச்சுங்க என்று வாய் சொன்னபோது மனசில் என்ன இருந்தது? நின்ற இடத்திலேயே கண்ணை மூடி, திரும்ப அம்மன் முன்னால் நிற்கிற மாதிரி நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அந்தச் சின்னப் பெண்ணின் புழுதிக் கைதான் ஞாபகம் வந்தது. ஆத்தா பதில் சொல்லிவிட்டாள். நான் கேட்ட கேள்விதான் என்னிடம் இல்லை. திரும்பிப் போய்க் கேட்கவும் முடியாது.

வீட்டு வாசலில் அவர் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றிருந்தார். நங்கையா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன வந்துச்சு?"

"செவப்புங்க."

"செவப்புன்னா?"

முந்தானையில் இருந்த பூவைக் காட்டினேன்.

"ஏ புள்ள, செவப்புன்னா என்ன?"

"நெனச்சது மறந்துபோச்சுங்க."

நங்கையா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட பாவி மகளே, ஆத்தா முன்னால நின்னுக்கிட்டா மறப்பாங்க?" என்று ஆரம்பித்தவர், பையன் இருப்பது ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார். வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்தார். பிறகு சிரித்தார். மலையிலிருந்து இறங்கினவர் முதல்முதலாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே நிலையில் கையை ஊன்றி முகத்தைத் தோளுக்குள் மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அது சிரிப்பு இல்லை என்று கொஞ்சம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

உள்ளே பையன் உதட்டை நக்கினான். நாக்கில் ஈரமே இல்லை. சொரசொரவென்று சத்தம்தான் கேட்டது.

நங்கையா எழுந்தார். "நா குடுக்கறேன். கோவம் வந்தா எம்மேல வரட்டும். எனக்கு வயசாச்சு."

"வேண்டாங்க நங்கையா."

"பின்ன யாரு குடுக்கறது? நீயா? உனக்குக் கை நடுங்கி மூக்குல ஊட்டுவே."

"எங்கிட்டத்தான் கேட்டான். நாந்தான் குடுக்கோணும்."

தட்டை எடுத்தேன். மேலாக நிறம் கறுத்து, லேசாகப் புளித்த வாசனை வந்தது. கெட்டுவிட்டதா என்று நாக்கில் வைத்துப் பார்க்கவும் முடியாது, ஆத்தாளுக்கு முன்னால் எச்சில் பண்ணினதாகும். மேலே வழித்து ஒதுக்கிவிட்டு, நடுவிலிருந்து விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து மோந்து பார்த்தேன். பழ வாசனைதான். நங்கையாவையும் மோந்து பார்க்கச் சொன்னேன். அவரையும் வாசலிலிருந்தே மோந்து பார்க்கச் சொன்னேன். "சட்டி காலியாற வரைக்கும் மோந்துட்டே இரு" என்றார் நங்கையா.

பையன் உதட்டில் வைத்தேன். சப்பினான். நெற்றி சுருங்கியது, எரிந்திருக்கும். துப்பப்போகிறான் என்று கையை நீட்டினேன். தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டான். வாயைத் திறந்தான், இன்னொரு விரல் கொடுத்தேன். அதற்குப் பிறகு இளநீரைக் காட்டினேன். குடித்தான்.

அன்று பொழுது சாய்கிறவரைக்கும் அவன் உடம்பில் ஒவ்வொரு முத்தாகப் பார்த்தேன். இது முன்னாலேயே இருந்ததா, அந்தக் கூழைத் தின்றதனால் வந்ததா? காதுக்குப் பின்னால் இருந்த ஒன்றைக் காட்டி நங்கையாவைக் கேட்டேன். காலையிலேயே பார்த்தேன் என்றார். சும்மா சொல்கிறாரோ என்று தோன்றியது. வீட்டுக்காரரோ வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். காட்டின மாட்டுக்கே திரும்பவும் காட்டினார்.

மறுநாள் சட்டியில் நுரை கட்டிவிட்டது. வேப்பமரத்தடியில் குழி பறித்து, மன்னிச்சுக்க தாயே என்று ஊற்றி மூடினேன். ஆனால் அதற்குள் பையன் ராகிக் கூழ் குடிக்க ஆரம்பித்திருந்தான். முத்துகள் வாடின. வெயிலில் காய்ந்த தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு முதல் தண்ணீர் ஊற்றினோம். அடுத்த தண்ணீரும் ஊற்றினோம். கண் மட்டும் திறக்கவில்லை. இமை இரண்டும் பொருக்குத் தட்டி ஒட்டியிருந்தது. பிரித்துப் பார்க்கலாம் என்று நங்கையா சொன்னார், எனக்குத் தைரியம் இல்லை. மூடியிருக்கிறவரைக்கும் உள்ளே பார்வை இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம் அல்லவா?

கடைசித் தண்ணீர் ஊற்றின அன்று நங்கையா ஈரத் துணியை இமையில் வைத்து வைத்து எடுத்தார். வலது கண் பிளந்தது. சிவந்து, தண்ணீர் வடிந்தது. உருட்டிப் பார்த்து, "அத்த" என்றான். நான் சந்தோஷப்படவில்லை. இடது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது உச்சி தாண்டித்தான் திறந்தது.

அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வலது கண்ணைப் பொத்தினேன்.

"என்ன தெரியுது சாமி?"

"உன் மூக்குத்தி."

இடது கண்ணைப் பொத்தினேன். "இப்ப?"

"மூக்குத்திதான்."

கோழியைக் காட்டினேன். மாட்டுக் கொம்பைக் காட்டினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகிற வண்டியைக் காட்டினேன். "போதும் புள்ள, கண்ணத் தேச்சுறாத" என்றார் அவர். நான் விடவில்லை. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, தூரத்துப் புளியமரத்தைக் காட்டினேன்.

"அந்த மரத்துல என்ன தெரியுது?"

"காக்கா."

பார்த்தேன். மரத்தில் காக்காய் இல்லை. கிளை கிளையாகத் தேடினேன், இல்லவே இல்லை. இல்லாததை இருக்கிறது என்கிறான், கண்ணில் என்ன இறங்கியிருக்கிறதோ என்று அவரைத் திரும்பிப் பார்த்தேன். "ஏனுங்க, காக்காயே இல்லீங்களே" என்றேன்.

"உச்சிக் கெளையில பாரு, எலைக்குப் பின்னால."

எனக்குத் தெரியவில்லை.

"அங்கதாம்மா" என்று பையன் சிணுங்கினான். அவர் கையைத் தட்டி, ஹோய் என்று சத்தம் போட்டார். இலைக்குள்ளிருந்து காக்காய் எழும்பி ராசிபுரம் பக்கமாகப் பறந்தது.

அப்புறம் மற்ற கண்ணைப் பொத்தினேன்.